குரல் வரும் வழி

பிழைப்பை முன்னிட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, வங்கத்திலும் ஒடிசாவிலும் மகாராஷ்டிரத்திலும் குடியேறியிருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து வரும் செய்தியைப் போல் இனியது வேறொன்று இல்லை. அஞ்சத் தக்கதும் வேறொன்று இல்லை. நம் பெரியோர் காலத்தில் தபால் கார்டு வந்தது. அவசரமென்றால் தந்தி வந்தது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். இடையில் ஆள் இல்லாமல் நேரே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் வசதி நம் தேசத்தில் 1960-ஆம் ஆண்டில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதன்முதலாக ஏற்பட்டது. பின்னர் எஸ்.டி.டி. கூண்டுகள் தெருவுக்குத் தெரு தோன்றி மறைந்தன. தந்தியும் 2013 ஜூலையோடு விடைபெற்றுக்கொண்டது. இன்று கைப்பேசி இல்லாத இல்லம் அரிது.

அவ்வாறிருக்க, இணையத்தின் வழியே பேசும் தொலைபேசிப் பெட்டியைப் பற்றி இங்கே எழுதுவானேன் என்று நேயர்கள் வினவலாம். காரணம் நம் வீட்டு முதியோர்களே. கண்ணாடி முகம் கொண்ட கைப்பேசி அவர்களுடைய உலர்ந்த விரலுக்கு இணங்குவதில்லை. ஓரிடத்தைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது. ஒலியைக் குறைத்துவிட்டு, மணி அடிக்கவே இல்லை என்று வருந்துகிறார்கள். கையில் பற்றிக்கொள்ள ஒரு குழல், அழுத்திப் பார்க்கப் பத்துப் பொத்தான்கள், கூடத்தில் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் தொலைபேசி, இவையே அவர்களுக்குப் பழக்கமானவை. இணைய இணைப்பு உள்ள வீட்டில், சாதாரணத் தொலைபேசி ஒன்றை அடாப்டர் பெட்டியின் வாயிலாக அந்த இணைப்போடு பொருத்திவிட்டால், அவர்கள் பழைய முறையிலேயே பேசலாம். ஆனால் பொருத்திவிட்டால் மட்டும் போதாது என்பதை நாம் அனுபவத்தில் கற்றோம். அந்த அனுபவம் பிறருக்கும் பயன்படட்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கரக்பூரில் உள்ள நம் இல்லத்தில் ஒரு பெட்டியும், மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் நம் அன்னையார் இல்லத்தில் ஒரு பெட்டியும் அமைத்தோம். சேவை நிறுவனம் ஒன்று இரண்டுக்கும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்தது. முதல் நாள் மாலை மணி அடித்தது. குழலை எடுத்தோம். அன்னையாரின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாகக் கேட்டது. நாமும் பேசினோம். ஆனால் நாம் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. “ஏண்டா தம்பி, எடுத்துட்டுப் பேசாம இருக்கே? என்மேல ஏதாவது கோபமா?” என்று அவர் கேட்டது நமக்குக் கேட்டது. நாம் அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினோம். மறுமுனையில் சற்று நேரம் மௌனம்; பிறகு குழலை வைத்துவிட்டார்.

உடனே அவருடைய பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைப்பேசிக்கு அழைத்து, கோளாறு யந்திரத்தினுடையது என்று சொல்லச் சொன்னோம். “சரி” என்றாராம். ஆனால் நம்பவில்லை என்பது பிறகு தெரிந்தது. எடுத்துப் பேசாமலிருந்த மகன் யந்திரத்தின்மேல் பழி போடுகிறான் என்றே இரண்டு நாள் அவர் நினைத்திருந்தார். கோளாறு யாருடையது என்பதை ஐயமின்றி அறிந்து தீர்க்க வேண்டும் என்னும் பிடிவாதம் அன்றுதான் நமக்கு உண்டாயிற்று.

ஒரு பேச்சு, இரண்டு பயணம்

முதலில் அறிய வேண்டுவது இது: இணையத் தொலைபேசியில் மணி அடிப்பது ஒரு காரியம், குரல் செல்வது வேறொரு காரியம். இரண்டும் வெவ்வேறு வழியில் பயணம் செய்கின்றன.

அழைப்பை ஏற்பாடு செய்யும் பணி ‘ஸிப்’ எனப்படும் நெறிமுறைக்கு உரியது. 1999-இல் முதல் வடிவம் பெற்று, 2002-இல் திருத்தி அமைக்கப்பட்ட நெறிமுறை இது. அழைப்பவரின் பெட்டி, சேவை நிறுவனத்தின் கணிப்பொறிக்கு ஒரு கடிதம் விடுக்கிறது. “இன்னாரை அழைக்கிறேன். எனக்குரிய குரலை இந்த விலாசத்துக்கு, இந்த வாயில் எண்ணுக்கு அனுப்புக” என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் மறுமுனைக்குச் செல்கிறது, மணி அடிக்கிறது, எடுத்தவரின் பெட்டியும் தன் விலாசத்தைப் பதிலாக எழுதுகிறது. இவ்வளவும் பெரும்பாலும் 5060 என்னும் வாயில் எண்ணின் வழியாக நடைபெறும்.

அதன் பிறகுதான் குரல் புறப்படுகிறது. அதற்குரிய நெறிமுறை ‘ஆர்.டி.பி.’ என்பது. பேச்சு சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, விநாடிக்கு 50 பொட்டலங்கள் வீதம் அனுப்பப்படுகிறது. பழைய தொலைபேசித் தரத்தில் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல் இருக்கும். மேலுறைகளையும் சேர்த்தால், ஒரு திசைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் போதும். இன்றைய இணைப்புகளுக்கு இது ஒரு சுமையே அன்று. ஆகவே குரல் கேட்கவில்லையென்றால், இணைப்பின் வேகம் போதவில்லை என்று எண்ணி அதிக விலையுள்ள திட்டத்துக்கு மாறுவது பெரும்பாலும் வீண் செலவு. மணி அடித்ததனால் கடிதம் சேர்ந்தது என்பது மட்டுமே நிச்சயம். கடிதத்துக்குள் எழுதியிருந்த விலாசம் சரியானதுதானா என்பதே ஆராய வேண்டிய விஷயம்.

விலாசப் பஞ்சம்

இணையத்தில் பேசும் ஒவ்வொரு சாதனத்துக்கும் எண்ணாலான ஒரு விலாசம் வேண்டும். நெடுங்காலமாக வழங்கிவரும் நான்காம் பதிப்பு முறையில் அமையக்கூடிய விலாசங்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. பெரிய எண்தான், ஆயினும் உலகின் ஜனத்தொகையைவிடக் குறைவு. பஞ்சம் வரும் என்பதைக் கண்டுகொண்ட அறிஞர்கள், 1994-இல் விலாச மாற்று முறை ஒன்றை வகுத்தனர். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அதனை ‘நாட்’ என்பர். 1996-இல், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் செல்லுபடியாகும் விலாசங்கள் இவை என்று சில தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியவையே அவை. உலகத்துக்கான மையக் களஞ்சியத்தில் இருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன.

ஆகவே நம் வீட்டுப் பெட்டிக்கு 192.168.1.7 என்று ஒரு விலாசம் இருக்குமானால், அது ‘கூடத்துக்கு இடப்புறம் உள்ள அறை’ என்பது போன்றதே. வீட்டாருக்கு விளங்கும், ஊராருக்கு விளங்காது. வேறு எத்தனையோ வீடுகளிலும் அதே இலக்கம் இருக்கும். உலகம் அறிந்த விலாசம், வாயிலில் உள்ள ரூட்டர் என்னும் சிறு பெட்டிக்கே உரியது.

தபால் குமாஸ்தாவின் பதிவேடு

ரூட்டர் செய்யும் வேலை நமக்குப் புதியதன்று. ரெயில்வே அலுவலகத்தில் தபால் பிரிவு குமாஸ்தா அன்றாடம் செய்யும் வேலையே அது. ஐம்பது மேஜைகள் உள்ள அலுவலகத்துக்கு வெளியுலகில் ஒரே விலாசம். ஏழாம் மேஜையிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டால், குமாஸ்தா அதற்கு ஓர் எண் இட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அலுவலகத்தின் பொது விலாசத்தை உறைமேல் எழுதி அனுப்புகிறார். பதில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு வந்தால், பதிவேட்டைப் பார்த்து ஏழாம் மேஜைக்கே சேர்ப்பிக்கிறார். எண் குறிப்பிடாமல் வரும் கடிதம் எந்த மேஜைக்குரியது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அலுவலகத்தில் அது கேட்பாரற்றுக் கிடக்கும். ரூட்டரோ அதனை அக்கணமே எறிந்துவிடுகிறது.

இதிலிருந்து மூன்று சங்கடங்கள் பிறக்கின்றன.

முதலாவது, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் பேச்சு. குமாஸ்தா உறையின் மேலுள்ள விலாசத்தைத்தான் மாற்றுகிறார். உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. அன்னையாரின் பெட்டி கடிதத்துக்குள், “என் விலாசம் 192.168.1.7” என்று தன் அறை இலக்கத்தையே எழுதிவிட்டது. நம் பெட்டி அதனை நம்பி, நம் குரலை அந்த விலாசத்துக்கே அனுப்பிற்று. கரக்பூரில் அப்படி ஒரு விலாசம் உண்டென்றால் அது நம் வீட்டு அலமாரிக்கு அருகில்தான் இருக்க வேண்டும். நாம் கத்திய அத்தனையும் நம் வீட்டு வாயிலைத் தாண்டவே இல்லை. நம் பக்கத்திலோ, வெளி விலாசத்தைப் பெட்டியில் எழுதி, குரலுக்குரிய வாயில் எண்களை உள்ளே திருப்பிவிட்டிருந்தோம். அதனால் அவர் குரல் மட்டும் தடையின்றி வந்தது. அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை இதுவே. கோபம் யாருக்கும் இல்லை, விலாசம்தான் தவறு.

இரண்டாவது, சில நிமிஷங்களுக்குப் பின் மணி அடிக்காமல் போவது. குமாஸ்தாவின் பதிவேட்டில் இடம் குறைவு. சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் அந்தப் பதிவை அடித்துவிடுகிறார். இரண்டு நிமிஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 2007-இல் வெளியான ஒரு விதி கூறினாலும், 30 விநாடியிலேயே அடித்துவிடும் ரூட்டர்கள் பல உண்டு. பெட்டியை அணைத்து ஏற்றியவுடன் அழைப்பு வருகிறது. சற்றுப் பொறுத்து அழைத்தால் வருவதில்லை என்றால், கோளாறு இதுவே.

மூன்றாவது, பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறத்தாழ அரை நிமிஷத்தில் அறுந்து போவது. மறுமுனையில் இருப்பவர் குழலை எடுத்ததும், அவருடைய பெட்டி “எடுத்துவிட்டேன்” என்று தெரிவிக்கிறது. “அறிந்தேன்” என்று அழைத்தவரின் பெட்டி ஒப்புதல் அனுப்ப வேண்டும். அந்த ஒப்புதல் தவறான விலாசத்துக்குச் சென்றுவிட்டால், எடுத்தவரின் பெட்டி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, 32 விநாடி கழிந்ததும் அழைப்பைத் துண்டித்துவிடுகிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 32 விநாடியில் அறுபடுமானால், கம்பியைக் குறை சொல்ல வேண்டா, விலாசத்தை ஆராயுங்கள்.

நிலைக்கண்ணாடியும் நடுவீடும்

இச்சங்கடங்களுக்குப் பரிகாரமாக மூன்று உபாயங்கள் வகுக்கப்பட்டுள்ளன.

முதல் உபாயத்துக்கு ‘ஸ்டன்’ என்று பெயர். 2003-இல் வெளிவந்து, 2008-இலும் 2020-இலும் திருத்தம் பெற்றது. தன் முகத்தைத் தானே காண இயலாதவனுக்கு நிலைக்கண்ணாடி உதவுவது போன்றது இது. நம் பெட்டி வெளியுலகில் உள்ள ஒரு கணிப்பொறிக்கு, “என் கடிதம் எந்த விலாசத்திலிருந்து வந்ததாக உமக்குத் தோன்றுகிறது?” என்று எழுதிக் கேட்கிறது. அது கண்டதைக் கூறுகிறது. அறை இலக்கத்துக்குப் பதிலாக அந்த வெளி விலாசத்தையே பெட்டி கடிதத்துக்குள் எழுதுகிறது. அன்னையார் வீட்டுப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் சேவை நிறுவனம் தந்த ஸ்டன் கணிப்பொறியின் பெயரை எழுதி, அதனை உபயோகிக்குமாறு குறித்தோம். அவ்வளவுதான். அன்று மாலை, “இப்ப கேக்குதுடா” என்று அவர் சொன்னபோது, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டதற்கு வருந்தவில்லை.

ஆனால் சில மாதங்களுக்குப் பின் அவ்வீட்டின் இணைய இணைப்பை மாற்ற நேர்ந்தது. மறுபடியும் மௌனம். இம்முறை காரணம் வேறு. விலாசப் பஞ்சத்தால் சில இணைய நிறுவனங்கள், பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி விலாசத்தின்கீழ் வைக்கின்றன. வீட்டு வாயிலில் ஒரு குமாஸ்தா. நிறுவனத்தின் வாயிலில் மற்றொரு பெரிய குமாஸ்தா. இந்த ஏற்பாட்டுக்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் விலாசங்கள் 2012-இல் ஒதுக்கப்பட்டன. அன்றியும், எல்லாக் குமாஸ்தாக்களும் ஒரே விதமாக நடப்பதில்லை. சிலர் ஒவ்வொரு பெறுநருக்கும் வெவ்வேறு எண் இடுகின்றனர். அத்தகையவரிடம், நிலைக்கண்ணாடி காட்டும் எண் ஒன்று. நண்பருக்குச் செல்லும் கடிதத்தின் எண் வேறொன்று. கண்ணாடி பொய் சொல்லவில்லை; ஆனால் அது சொன்ன உண்மை நமக்கு உதவவில்லை.

இந்நிலையில் இரண்டாம் உபாயமே கைகொடுக்கும். அதற்கு ‘டர்ன்’ என்று பெயர். 2010-இல் விதியாக வெளிவந்தது. இருவருக்கும் தெரிந்த நடுவீடு ஒன்றை ஏற்படுத்தி, இருவரும் தங்கள் கடிதங்களை அங்கே சேர்ப்பிக்க, அவ்வீட்டார் அவற்றை மறுபக்கம் தள்ளிவிடுவது. இருவருமே வெளிநோக்கி எழுதுவதால் எந்தக் குமாஸ்தாவும் தடுப்பதில்லை. சுற்று வழியாதலால் குரல் சேரச் சிறிது தாமதம் உண்டாகும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் அடங்கினால் பேச்சுக்கு இடையூறில்லை என்பது தொலைத்தொடர்பு வல்லுநர் கருத்து. நடுவீடு நம் தேசத்திலேயே இருந்தால் பெரும்பாலும் அந்த எல்லை தாண்டாது. பல சேவை நிறுவனங்கள் தம் கணிப்பொறியையே நடுவீடாக வைத்துக் குரலைக் கடத்தித் தருகின்றன. நாம் விண்ணப்பித்ததன்பேரில் அவ்வசதி நமக்குக் கிடைத்தது. அன்றுமுதல் இன்றுவரை குரல் தடைப்படவில்லை.

மூன்றாம் உபாயம் ‘ஐஸ்’ என்பது. 2010-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்டது. பெயரைக் கேட்டால் தாகம் தீரும்போல் தோன்றினும், இதன் தொழில் பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பது. வீட்டு விலாசம், கண்ணாடி காட்டிய விலாசம், நடுவீட்டு விலாசம் ஆகிய அனைத்தையும் இரு பெட்டிகளும் எழுதி மாற்றிக்கொண்டு, எவ்வழி திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சிறந்ததைத் தேர்ந்துகொள்ளும். இணைய உலாவியின் வழியே நேருக்கு நேர் பேசும் முறை இவ்வுபாயத்தையே கைக்கொள்கிறது. பழைய அடாப்டர் பெட்டிகள் பலவற்றில் இவ்வசதி இல்லாமையால்தான் நாம் கைவருந்தி அமைக்க நேர்கிறது.

உதவிக்கு வரும் வேறொரு குமாஸ்தாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். சில ரூட்டர்களில் ‘ஸிப் ஏ.எல்.ஜி.’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் விலாசத்தையும் தானே திருத்தி அனுப்பும் குமாஸ்தா இவர். எண்ணம் நல்லதே. ஆனால் அரைகுறையாகத் திருத்துவதால், சரியாக எழுதிய கடிதத்தையும் கெடுத்துவிடுகிறார். பெட்டியில் ஸ்டன் அமைத்திருப்பவர்கள் ரூட்டரில் இதனை நிறுத்திவிடுவதே பெரும்பாலும் நலம்.

நள்ளிரவு மணி

நம் தவறு ஒன்றையும் மறைக்காமல் எழுதுவது கடமை. தொடக்கத்தில், குரலுக்குரிய வாயில்களைத் திருப்பிவிட்டபோது, 5060 என்னும் வாயிலையும் உலகம் முழுமைக்கும் திறந்து வைத்துவிட்டோம். திறந்த கதவு நல்லதுதானே என்று எண்ணினோம்.

ஒரு நாள் இரவு 2 மணிக்குத் தொலைபேசி அலறியது. தனியே வசிக்கும் தாயார் ஊரில் இருக்க, அந்த நேரத்தில் மணி அடித்தால் மனம் எங்கே செல்லும் என்பதை வெளியூர் வாழும் நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இருளில் தடுமாறிச் சென்று எடுத்தால், மறுமுனையில் ஒருவரும் இல்லை. அழைத்த எண் 100 என்று மட்டும் காட்டிற்று. உடனே ஊருக்கு அழைத்து, உறங்கிக்கொண்டிருந்த அன்னையாரையும் எழுப்பி அச்சுறுத்தினோம். மறுநாளும் அவ்வாறே நடந்தது.

அழைத்தவர் மனிதர் அல்லர். திறந்த 5060-ஆம் வாயில் எங்கேனும் உண்டா என்று இணையம் முழுவதையும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் யந்திர நிரல்கள் உள்ளன. எளிய கடவுச்சொல் அகப்பட்டால், பிறர் கணக்கில் வெளிநாட்டுக்கு அழைத்துப் பொருள் பறிப்பதே அவற்றை ஏவுவோரின் நோக்கம். அந்த வாயிலை அடைத்தோம். சேவை நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்குமாறு பெட்டியில் குறித்தோம். நள்ளிரவு மணி நின்றது. வழி தெரியாத குரலுக்கு வழி காட்ட வேண்டும் என்பதற்காகக் கதவையே பெயர்த்து எறியலாகாது என்பது நாம் கற்ற பாடம்.

செய்ய வேண்டுவன

இப்பெட்டியை அமைக்க விரும்பும் அன்பர்கள் பின்வருவனவற்றை ஒழுங்காகச் செய்து வந்தால், நாம் பட்ட அல்லல் படமாட்டார்கள்.

1. முதலில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, அதன் வெளிப்புற விலாசம் என்ன என்று பாருங்கள். பிறகு, நம் விலாசத்தைக் காட்டும் இணையத் தளம் ஒன்றில் வரும் விலாசத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் ஒரே வாயில். வேறானால் மேலே மற்றொரு வாயில் உண்டு. மேல்வாயில் இணைய நிறுவனத்தினுடையதானால், உங்கள் ரூட்டரில் வாயில் எண்களைத் திருப்புவது பயன் தராது.

2. வீட்டிலேயே இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால், ஒன்றைப் பாலமாக மட்டும் வேலை செய்யுமாறு மாற்றுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு குமாஸ்தா போதும்.

3. அடாப்டர் பெட்டிக்கு வீட்டு விலாசம் தானாகவே கிடைக்கட்டும். ஆனால் எப்போதும் ஒரே விலாசம் கிடைக்குமாறு ரூட்டரில் ஒதுக்கி வையுங்கள். சில பெட்டிகளில், தொலைபேசியில் நட்சத்திரப் பொத்தானை மூன்று அல்லது நான்கு முறை அழுத்தினால், விலாசத்தைக் குரலிலேயே படித்துக் காட்டும் வசதி உண்டு. கணிப்பொறி அறியாத முதியோரிடம் கேட்டு அறிவதற்கு இது மிகவும் சௌகரியம்.

4. ஸ்டன் அமைப்பை முதலில் முயலுங்கள். பலிக்காவிடில் சேவை நிறுவனத்தினரிடம், குரலைத் தம் கணிப்பொறி வழியே கடத்தித் தருமாறு கேளுங்கள்.

5. பதிவேட்டில் நம் பெயர் அடிபடாமல் இருக்க, ‘கீப் அலைவ்’ என்னும் நினைவூட்டலை 20 விநாடிக்கு ஒரு முறை அனுப்புமாறு குறியுங்கள்.

6. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பு வேண்டாதவர்கள் அதனை அடைத்து வைக்கும்படி நிறுவனத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

7. மின்சாரம் நின்றால் இத்தொலைபேசியும் நின்றுவிடும். ரூட்டருக்கும், இழை இணைப்பானால் அதன் பெட்டிக்கும், அடாப்டருக்கும் சேர்த்து ஒரு மின்கலக் காப்பு வையுங்கள். ஆபத்து நேரத்தில் 112-ஐ அழைப்பதற்கு இதனை நம்பியிராமல், ஒரு சாதாரணக் கைப்பேசியும் அருகில் இருக்கட்டும்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். நம் தேசத்தில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் முதல் சில வரம்புகளோடு அனுமதிக்கப்பட்டது. சாதாரணத் தொலைபேசி எண்களோடு இணைத்துப் பேசும் வசதியை உரிமம் பெற்ற நிறுவனங்கள் அளிப்பதற்கு 2018-இல் வழி தெளிவாயிற்று. ஆகவே உரிமம் பெற்ற நிறுவனத்தின் சேவையையே நாடுக. சிம் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, இணையக் குரலைத் திருட்டுத்தனமாகச் சாதாரணத் தொலைபேசியில் சேர்ப்பவர்கள் மலிவு விலை கூறி வரக்கூடும். அவர்களோடு உறவு வேண்டா, அது குற்றமாகும்.

விலாசப் பஞ்சத்தை அடியோடு தீர்க்கும் ஆறாம் பதிப்பு முறை இப்போது பரவி வருகிறது. அதனைப் பெருமளவில் உபயோகிக்கும் தேசங்களுள் நம் தேசமும் ஒன்று. அம்முறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் உலகம் அறிந்த தனி விலாசம் கிடைக்கக்கூடும். அப்போது தபால் குமாஸ்தாவின் பதிவேட்டுக்கு அவசியம் இராது. காவல் மட்டும் அவசியமாக இருக்கும். ஆனால் இரு முனைகளிலும், இடையில் உள்ள சேவையிலும் அம்முறை வழங்கும் காலம் வரையில், மேலே கூறிய உபாயங்களே நமக்குத் துணை.

இத்தனையும் எழுதியபின் திரும்பிப் பார்க்கையில், விஷயம் மிகச் சிறியதாகவே தோன்றுகிறது. ஒரு பெட்டி தன் விலாசத்தைத் தவறாக எழுதிற்று. அதனால் ஒரு தாய், மகன் கோபித்துக்கொண்டான் என்று எண்ணினாள். இன்று நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அந்தப் பழைய தொலைபேசி மணி அடிக்கிறது. எடுத்ததும் அவர் முதலில் கேட்பது நம் நலத்தையன்று, “கேக்குதா?” என்றுதான். “கேக்குதும்மா” என்று சொன்ன பிறகே பேச்சைத் தொடங்குகிறார்.

நம் சங்கத்து அன்பர்கள் இல்லங்களிலும், ஊரில் இருக்கும் அவர்தம் பெற்றோர் இல்லங்களிலும் இதுபோன்ற பெட்டிகள் இருக்கலாம். அவற்றுள் சில, ஒரு பக்கம் மட்டும் கேட்டதால் அலமாரியின்மேல் தூசு படிந்தும் கிடக்கலாம். அவற்றை எடுத்துத் துடைத்து, மேலே சொல்லியவாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்க்குமாறு வேண்டுகிறோம். ஐயம் எழுந்தால், சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குப் பெட்டியோடு வாருங்கள். சேர்ந்து அமர்ந்து பார்ப்போம்.